நுகர்வோர் எவரும் இல்லை

பெட்டி திறந்தபோது நின்றவர்கள்:

ஒன்று, சரஸ்வதி ரீச்சர். எங்கள் நுகர்வோர் சங்கத்தின் தலைவி. பெட்டிப் பூட்டின் திறப்பு அவர் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது.

இரண்டு, குலசிங்கம். அந்தக் கூட்டுறவுக் கடையின் முகாமையாளர். கடைத் திறப்பு அவரிடம்.

மூன்று, செல்லமுத்து. அந்த ஊர்க்காரர். தன் வீடு இருக்கிறதா என்று பார்க்க எங்களோடு வந்தவர். சாட்சிக்கு நிற்கச் சொன்னோம்.

நான்கு, நான். பெரியசாமி. சங்கத்துத் தராசு தூக்குபவன்.

முறைப்பாட்டுப் பெட்டி திறக்கும்போது நாலு பேர் நிற்க வேண்டும். நாலு பெயரும் முதலில் கொப்பியில் ஏற வேண்டும். அது சங்கத்தின் விதி. அன்று கொப்பியில் எழுதினது நான். அதனால் இதையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உச்சி வெயில். வட்டக்கச்சிக்கு அப்பால், வாய்க்கால் கரையில் எண்பது குடும்பம் இருந்த குடியேற்றம். எங்களைத் தவிர ஒரு மனுசர் இல்லை. ஆறு மாதமாக இல்லை. இல்லை என்று எழுதிக் கொடுத்ததே நாங்கள்தான்.

ரீச்சர் பூட்டில் கை வைத்தார். அப்போது பூட்டிக் கிடந்த கடைக்குள் ஒரு சத்தம் கேட்டது. தராசுத் தட்டுகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம். மெல்ல. ஒருமுறைதான்.

"எலி," என்றார் குலசிங்கம்.

"ஆறு மாசமா உள்ள அரிசியே இல்லீங்களே," என்றார் செல்லமுத்து. "எலி எதுக்குங்க இருக்கப் போகுது?"

ரீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. "முதல்ல பெட்டி. பிறகு எலி."

தராசு தூக்கின கதை

போன கிழமை இந்தப் பத்தியில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் பற்றி எழுதியிருந்தேன். வாசித்த ஒருவர், சங்கத்தில் உமக்கு என்னதான் வேலை என்று கேட்டிருக்கிறார்.

சைக்கிள் மிதிக்கிற வேலை. பின்னால் உரப்பைக்குள் சங்கத்துத் தராசு. தகரப் பெட்டிக்குள் படிக்கற்கள். கடை வாசலில் நிற்பேன். வாங்கிக்கொண்டு வெளியே வருபவர் கேட்டால் மறுபடி நிறுத்துக் காட்டுவேன். குறைந்தால் கொப்பியில் எழுதுவேன். அவ்வளவுதான்.

அது பொருளாதாரத் தடைக் காலம். சவுக்காரம் வராது, பற்றரி வராது, மண்ணெண்ணெய் வராது. துணி துவைக்கிற ஒரு கட்டிச் சவுக்காரத்தை நூல் போட்டு நாலாக அறுத்து விற்றார்கள். அறுக்கிறவன் நூலை எங்கே வைக்கிறான் என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அது நான்.

ஆனால் சனம் வாய் திறக்காது. இன்றைக்குக் குறைவு என்று கேட்டால் அடுத்த கிழமை சாமான் முடிந்தது என்பார்கள். அதற்காகத்தான் ரீச்சர் பெட்டி வைத்தார். ஒவ்வொரு கூட்டுறவுக் கடைச் சுவரிலும் ஒன்று. பக்கத்தில் ஆணியில் கடதாசித் துண்டுகள், நூலில் கட்டின பென்சில். பெயர் வேண்டாம். பங்கீட்டு அட்டை இலக்கம் போதும்.

பெட்டியின் முகத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: பதினான்கு நாளில் பதில் தரப்படும்.

பதிலை ரீச்சர் எழுதுவார். நான் கொண்டுபோய்க் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். ஒரு மாரியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. பருப்பில் கல் இருந்ததற்கான பதிலைத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு நீந்தினேன். வாங்கின மனுசி, "இதுக்கோ வந்தனீர்?" என்று சிரித்தார். அன்றைக்குப் பதினாலாம் நாள்.

தராசைப் பார்க்கிற பழக்கம் எனக்கு மலையில் வந்தது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. வெயில் எரித்த நாளிலும் ஈரத்துக்குக் கழித்தார்கள். அம்மா தராசைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கோபம் வரும், கோபம் வந்தால் வேலை போகும். நான் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் தெரிந்தது.

படிக்கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை எங்களுடையவை அல்ல. முல்லைத்தீவில் கடை வைத்திருந்த ஒரு நானாவுடையவை. அரசாங்க முத்திரை குத்தின சுத்தமான கற்கள். முஸ்லிம் ஆட்களைப் போகச் சொன்ன வருசம், சாமான்களை விட்டுவிட்டு இந்தப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வச்சிரு தம்பி. பிழையான ஆள்ட கைக்குப் போகப்படாது."

"எப்ப வருவீங்க நானா?"

நானா பெட்டியைத் திறந்தார். அரைக்கிலோக் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு போனார்.

என் வாக்கை நம்புகிற ஆட்கள் அப்போது இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பாலம்

கிளிநொச்சியில் சண்டை தொடங்கின கிழமை ஷெல் வாய்க்கால் கரைக்கும் வந்தது. எண்பது குடும்பமும் ஒரே பகலில் உழவு மெசின்களில் ஏறின. கிடைத்த மெசினில் கிடைத்தவர்கள். தருமபுரத்துப் பக்கம் மரங்களுக்குக் கீழே போய் இறங்கினோம். எங்கள் சங்கமும் ஒரு மரத்தடிதான்.

பெட்டியைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு மாதம் போனது. கூட்டுறவுத் தலைமையில் இருந்து ஒரு படிவம் வந்தது. அந்தக் கிளையை மூடி, அதன் பங்கை வேறு கிளைக்கு மாற்ற வேண்டும். அதில் ஒரு வரி: மேற்படி கிளைப் பிரிவில் நுகர்வோர் எவரும் இல்லை. கீழே எங்கள் சங்கம் கையெழுத்து வைக்க வேண்டும்.

"காணாததுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார் ரீச்சர். "பெரியசாமி, கடை வாசல் வரைக்கும் போய்ப் பாத்திட்டு வாரும்."

போனேன். வழியில் வேறு ஒரு கடையும் பார்க்க இருந்ததால் தராசும் சைக்கிளில் இருந்தது.

வாய்க்கால் பாலத்தடியில் வரும்போது இடப்பக்க வயலில் ஒரு ஷெல் விழுந்தது. சைக்கிளோடு படுத்தேன். எழும்பிப் பார்த்தேன்.

ஊர் அப்படியே இருந்தது. வீடுகள், வேலி, மா மரம். கொடிகளில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. சமையல் நேரம். ஒரு கூரையிலும் புகை இல்லை. காகம்கூட இல்லை. ஒரு ஊரைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அன்றுதான்.

தூரத்தில், கடைப் பக்கம், வெள்ளையாக ஒன்று ஆடியது. மேலும் கீழுமாக.

கொடியில் துணி என்று எனக்கு நானே சொன்னேன். காற்று இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

சைக்கிளைத் திருப்பினேன். முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ரீச்சர் கேட்டார், "கடை வாசல் வரைக்கும் போனனீரோ?"

"போனன் ரீச்சர்."

"ஆள் இருந்ததோ?"

"ஒருத்தரும் இல்லை."

கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் தெய்வானை என்று ஒரு மனுசி என்னைத் தேடி வந்தார். தமையன் சுப்பையாவைக் காணவில்லை. முதல் மெசினில் போனார் என்று இவர்கள் நினைக்க, இவர்களோடு வருகிறார் என்று முதல் மெசின்காரர் நினைத்திருக்கிறார்கள்.

"ஊர்ல யாருமே இல்லைன்னு நீங்கதானே பாத்துட்டு வந்தீங்கண்ணே?"

"ஓம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஓம்."

அதன் பிறகு அவர் ஊர்ப் பக்கம் தேடவில்லை. மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு ஆசுபத்திரியாக நடந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டுகள்

இடம்பெயர்ந்து ஆறு மாதம் கழித்து, பகலில் போய் வீடுகளைப் பார்த்து வரலாம் என்றார்கள். பாலத்துப் பாதை உடைந்து கிடந்தது. குளக்கட்டால் சுற்றி மெசினில் போனோம்.

ரீச்சர் பெட்டியைத் திறந்து சாக்கின் மேல் கவிழ்த்தார். பழையது முதலில் என்பது விதி. அடியில் இருந்ததை எடுத்தார். சீனி ஈரம். அடுத்தது, போத்தலின் அடி உள்ளே குழிந்திருக்கிறது, எண்ணெய் குறைவு. அவை இடம்பெயர முன்னர் போட்டவை.

மிச்சம் எல்லாம் ஒரே கையெழுத்து. ரீச்சர் சத்தமாக வாசித்தார்.

"கனம் சங்கத்தாருக்கு. கடை பூட்டியுள்ளது. காரணம் ஒட்டப்படவில்லை. உப்பு தேவை."

"கடை பூட்டியுள்ளது. அயலிலும் ஒருவரும் இல்லை. எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. நெருப்புப் பெட்டியும் தேவை."

"பதினான்கு நாள் முடிந்தது. பதில் வரவில்லை. முன்னர் இப்படி நடந்ததில்லை என்பதை அறியத் தருகிறேன்."

குலசிங்கம் சாக்கின் ஓரத்தில் குந்திவிட்டார். "ஐயோ ரீச்சர். இது எங்கட கச்சேரியின்ர எழுத்து."

கச்சேரி என்றால் அரச அலுவலகம். சுப்பையாவுக்கு அவர் வைத்த பட்டம் அது. சுப்பையாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. மலையில் ஒரு பாதிரியார் எழுதப் படிப்பித்துவிட்டிருந்தார். வேலிக்குக் கம்பு வெட்டிக் கொடுத்துப் பிழைத்தவர். கடையில் மற்றவர்கள் வாயால் போடுகிற சண்டையை அவர் துண்டில் போடுவார். கிழமைக்கு ஒன்று, அரச கடிதம் மாதிரி. அவர் வரிசையில் நின்றால், "இந்தா, கச்சேரி திறந்திட்டுது," என்பார் குலசிங்கம். ஆனால் கையைத் தராசிலிருந்து எடுத்துவிடுவார்.

சனம் வெளிக்கிட்ட பகல் சுப்பையா காட்டுக்குள் கம்பு வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஷெல்லும் கேட்கவில்லை, ஒலிபெருக்கியும் கேட்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்தபோது ஊர் இல்லை.

ரீச்சர் அடுத்த துண்டை எடுத்தார்.

"பலகை இடுக்கால் பார்த்தேன். உள்ளே தராசு ஆடுகிறது. யாரோ நிறுக்கிறார்கள். தட்டினேன். திறக்கவில்லை. வெளியே ஒருவன் காத்து நிற்க, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் நிறுப்பது முறையல்ல."

நாலு பேரும் கடைக் கதவைப் பார்த்தோம். யாரும் எலி என்று சொல்லவில்லை.

"வாசியுங்கோ ரீச்சர்," என்றார் குலசிங்கம். 

"இன்று பாலத்தில் சங்கத்துச் சைக்கிள் நின்றது. பின்னால் தராசுப் பை இருந்தது. நான் கடை வாசலில் நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினேன். வந்தவர் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை. செல்லமுத்து பார்த்தார்.

"நான்தான் ரீச்சர்," என்றேன். "பாலம் மட்டும்தான் போனன். கடைக்கு வரயில்லை."

"விளங்குது."

"துணி எண்டு நினைச்சன்."

"கொப்பியில எழுதும்."

"என்னத்தை?"

"இப்ப சொன்னதை."

எழுதினேன். இரண்டு வரி. என் கையெழுத்து எப்போதும் கோணல். அன்று இன்னும் கோணல்.

"தெய்வானை அக்கா உன்கிட்ட வந்து கேட்டாங்களே," என்றார் செல்லமுத்து.  

கடதாசித் துண்டு முடிந்துபோய்ச் சவுக்காரம் சுற்றின தாளில் எழுதியிருந்தார். பிறகு தீப்பெட்டி அட்டை. பென்சில் முடிந்து, எரிந்த வீட்டுக் கரியால்.

"நாய்கள் என்னைக் கண்டு வாய் திறப்பதில்லை."

"கிணற்றில் முகம் தெரிகிறது. அது போதுமா என்று தெரியவில்லை."

கடைசித் துண்டு சீனிப் பையின் ஒரு மூலை. ரீச்சர் அதை முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு எங்களுக்கு வாசித்தார்.

"நான் இருக்கிறேனா இல்லையா என்று சங்கம் பதினான்கு நாளுக்குள் அறியத் தரவும்."

திகதி இல்லை.

கடைக்குள்

குலசிங்கம் கடையைத் திறந்தார். சாமான் தட்டுகள் வெறுமை. கூரை வளையில் தராசு தொங்கியது. ஆடிக்கொண்டிருந்தது. இடத்தட்டு கீழே போகும், கொஞ்சம் நிற்கும், மேலே வரும். தட்டுகளில் ஒன்றும் இல்லை. அன்று ஷெல் இல்லை. கூரையில் ஓட்டையும் இல்லை.

குலசிங்கம் கையால் பிடித்து நிறுத்தினார். விட்டதும் பழையபடி தொடங்கியது.

"பழைய தராசு," என்றார்.

நாற்பது வருசம் தராசு பார்த்தவன் நான். எனக்குக் காரணம் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத விருப்பமில்லை.

சுப்பையாவின் வீட்டு வளவுக்குப் போனோம். மற்ற வளவுகளில் முழங்கால் உயரப் புல். அங்கே ஈர்க்குமாறு இழுத்த கோடுகள் மண்ணில் இருந்தன. அன்று காலையில் கூட்டின வளவு. கோடுகளுக்கு மேலே ஒரு சோடிக் கால் அடையாளம் வெளியே போயிருந்தது. பாலத்துப் பக்கம்.

செல்லமுத்து வாயில் கை வைத்தார். "உசுரோட இருக்காருங்க."

ரீச்சர் வேலிக் கதியாலில் கொப்பியை வைத்துக்கொண்டு பேனையை எடுத்தார். "போக முதல் பதில் எழுத வேணும்."

"உப்பு நாளைக்கு அனுப்பிறம் எண்டு எழுதுங்கோ," என்றார் குலசிங்கம்.

"கடைசியாக் கேட்டது உப்பு இல்லை."

எழுதினார். சங்க முத்திரையை ஊதிக் குத்தினார். கையெழுத்து வைத்தார். என்னிடம் நீட்டினார்.

"நானோ ரீச்சர்?"

"பதில் குடுக்கிறது உம்மட வேலைதானே."

பதில்

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரீச்சர் அந்தப் படிவத்தைத் தேடிப் போய்த் தன் கையெழுத்தை மூன்று பேர் முன்னிலையில் வெட்டினார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். தெய்வானை தமையனைக் கண்டதை நான் எழுத மாட்டேன். அது அவர்கள் வீட்டு விசயம்.

பதிலோடு பாலத்தடிக்குப் போனேன்.

சுப்பையா பாலத்துச் சுவர்க்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகு காட்டி, நான் அன்று திரும்பிப் போன பாதையைப் பார்த்தபடி. தலைமயிர் தோளில். முதுகெலும்பை எண்ணலாம். பக்கத்தில் ஒரு கம்பில் வெள்ளைச் சட்டை கட்டியிருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது இப்போது.

கூப்பிட்டுப் பயனில்லை. பின்னால் நின்று தொட்டால் பயந்துவிடுவார். பாலத்தின் கீழால் இறங்கி, வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் கடந்து, அந்தப் பக்கம் ஏறி, பாதையால் வந்து முன்னால் நின்றேன். சைக்கிளில் வருகிற ஆள் வருகிற மாதிரி.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தார். தரையில் படுகிறதா என்று. ஈரக் கால். மண்ணில் அடையாளம் விழுந்திருந்தது.

நானும் அவர் காலைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பார்த்தேன்.

பதிலை நீட்டினேன். வாங்கினார். அதில் இரண்டே சொல்: நீங்கள் இருக்கிறீர்கள்.

வாசித்தார். மறுபடி வாசித்தார். முத்திரையை விரலால் தடவினார். விரலில் மை ஒட்டியதா என்று பார்த்தார். ஒட்டியிருந்தது. அந்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொப்பியை விரித்துப் பென்சிலைக் கொடுத்தேன். கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே ஒரு சொல் எழுதினார்.

"தாமதம்."

பிறகு இன்னொரு வரி. "அன்று வந்தவர் யார்?"

பென்சிலை வாங்கினேன். "நான்" என்று எழுதினேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏதோ நிறுத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கம்பிலிருந்து சட்டையை அவிழ்த்து, உதறி, போட்டுக்கொண்டார். பொத்தான் இரண்டுதான் இருந்தது. இரண்டையும் பூட்டினார். எழும்பி ஊர்ப் பக்கம் நடந்தார்.

நான் பின்னால் நடந்தேன். போனேன் என்று ஏற்கெனவே நான் சொல்லியிருந்த பாதை அது. இப்போதுதான் நடக்கிறேன். பாலத்தின் முடிவிலிருந்து கடை வாசல் வரை ஒவ்வொரு காலடியாக எண்ணினேன். கொப்பியில், நான் எழுதின இரண்டு வரிக்குக் கீழே, அதையும் எழுதினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு.